சுவரின் பொந்தை அடைப்போம்

(நெகிரி செம்பிலான் தோட்டப் பகுதியொன்றில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், பால் விலை, வேலை நேரம் ஆகியவற்றைப் பற்றிய பேச்சைத்தான் எதிர்பார்த்து வருவீர்கள். இன்று நாங்கள் பேச எடுத்துக்கொண்டிருப்பது சுவரிலுள்ள பொந்து. ஜன்னலும் கதவும் சுவரோடு சேரும் இடத்தில், வெளியே தெரியாமல் உள்ளே ஒளிந்திருக்கும் பொந்து. "பொந்தைப் பற்றிப் பேசவா ஒரு கூட்டம்?" என்று சிலர் சிரிக்கக்கூடும். கேட்டு முடித்த பிறகு சிரியுங்கள்; நாங்கள் தடுக்கமாட்டோம்.

ஒரு மழைக்காலத்தில் நாங்கள் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். பாதி செங்கல், பாதி பலகை என்று கட்டிய வீடு. பலகைக்கு உள்பக்கம் மெல்லிய ஒட்டுப்பலகை அடித்து, வர்ணம் பூசி, பார்க்க அழகாகவே இருந்தது. அந்த வீட்டு அம்மாள் எங்களை அழைத்து, "ஐயா, ஜன்னல் நிலை ஆடுகிறது, பாருங்கள்" என்றார். கை வைத்தோம், நிலை கையோடு வந்துவிட்டது. மரம் என்று நாங்கள் பிடித்தது வெறும் வர்ணத் தோல். உள்ளே இருந்ததெல்லாம் கறையான் மண். இன்னும் கொஞ்சம் பலகையைப் பெயர்த்தபோது எலிக்கூடு ஒன்று தெரிந்தது. அந்தக் கூட்டில் துணிக் கந்தலோடும் பஞ்சோடும் கிழிந்த காகிதத் துண்டுகள் கிடந்தன. அந்த அம்மாள் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். பேச்சு வரவில்லை. அது அவர் மகளுடைய பிறப்புப் பத்திரத்தின் மூலை.

தோழர்களே! பிறப்புப் பத்திரம் இல்லாமல் நம் பிள்ளைகள் படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனாலும், அடையாளக் கார்டு எடுக்கப் போனாலும் முதலில் கேட்பது அந்த ஒற்றைத் தாளைத்தான். புதுப் பிரதி எடுக்க அந்தக் குடும்பம் வேலையை விட்டுவிட்டு எத்தனை நாள் அலைந்தது என்று கேட்டபோதுதான், சுவரின் பொந்து சின்ன விஷயம் அல்ல என்பது எங்களுக்கு உறைத்தது.

'கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது' என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். நம் வீட்டுச் சுவரில் நடப்பதும் அதுதான். வீடு கட்டியவர் ஒரு பொந்தை விட்டுப் போகிறார். கறையான் வருகிறது. எலி வருகிறது. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. இத்தனை பேருக்கும் இடம் கொடுத்துவிட்டு, ஒரு மாதத்துக் கூலியை எண்ணிக்கொண்டு நாம் அதே வீட்டில் படுத்துறங்குகிறோம்!

பொந்து எப்படி உண்டாகிறது?

சுவர் முழுவதும் ஒரே கட்டியாக இருந்தால் பொந்து இல்லை. ஆனால் பல சுவர்களுக்கு இரண்டு தோல் உண்டு. வெளியே ஒரு பலகை, உள்ளே ஒரு பலகை, நடுவில் வெற்றிடம். சிமெண்டுக் கல்லால் கட்டிய வீடுகளில் கல்லுக்குள்ளேயே துளை உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது அந்தத் துளைகள் சேர்ந்து தரையிலிருந்து கூரைவரை குழாய்போல் நிற்கின்றன. நல்ல செங்கல் சுவராக இருந்தாலுங்கூட, கதவு நிலைக்கும் கல்லுக்கும் நடுவில் விரல் நுழையும் சந்து இருக்கும். நிலையை நேராக நிறுத்துவதற்காகக் கொத்தனார் விடுகிற சந்து அது.

சுவருக்குள் வெற்றிடம் இருப்பது தவறு அல்ல. மழையும் குளிரும் மிகுந்த இங்கிலாந்தில் வேண்டுமென்றே இரண்டு செங்கல் சுவர்களை எழுப்பி, நடுவே இடம் விட்டுக் கட்டுவது வழக்கம். வெளிச்சுவரை ஊடுருவி வரும் மழைநீர் அந்த இடைவெளியிலேயே கீழே வடிந்துவிடும், உட்சுவர் நனையாது. தொல்லை வருவது ஜன்னலும் கதவும் வைக்கும் இடத்தில்தான். சுவரில் ஒரு வாசலைத் திறந்தால், உள்ளே இருக்கும் வெற்றிடத்துக்கும் மேலே, கீழே, இரு பக்கமும் ஆக நான்கு வாய் திறக்கிறது. அந்த நான்கு வாயையும் முறைப்படி மூடவேண்டும். மூடாமல் மேலே ஒரு சட்டத்தை அடித்து மறைத்தால், அது மூடியதாகாது, ஒளித்ததாகும்.

இன்னும் ஒரு கொடுமையான வழக்கம் உண்டு. நிலையைச் சுற்றியுள்ள சந்தில் சிமெண்டுப் பையின் காகிதத்தைச் சுருட்டித் திணித்து, மேலே ஒரு பூச்சு பூசிவிடுவது. பார்ப்பவர் கண்ணுக்கு வேலை முடிந்தது. கறையானுக்கோ விருந்து பரிமாறியாயிற்று. காகிதமும் மரமும் அதற்கு ஒரே உணவுதான். பால் மரத்தின் வேரிலும் அடிமரத்திலும் புகுந்து மரத்தைச் சாய்க்கும் கறையானை நாம் வெட்டுக்காட்டில் பார்த்திருக்கிறோம். கோப்டோடெர்மிஸ் என்னும் அந்தப் பேரினத்தின் மற்றோர் இனமே இந்நாட்டு வீடுகளில் மிகுதியாகச் சேதம் செய்கிறது. அது தரைக்கடியிலிருந்து மண் குழாய் கட்டிக்கொண்டு ஏறும். சுவரின் வெடிப்பும் பொந்தும் இருந்தால் குழாய் கட்டும் சிரமமும் அதற்கு மிச்சம். நாம் பார்க்கவும் வழியில்லை.

ஜாவா கற்றுத்தந்த பாடம்

இது நம் தோட்டத்துக்கு மட்டும் உள்ள குறை என்று எண்ணவேண்டாம். நமக்குத் தெற்கே ஜாவாத் தீவில், 1911-ஆம் ஆண்டில் மாலாங் வட்டாரத்தில் கொள்ளைநோயாகிய பிளேக் பரவிற்று. பர்மாவிலிருந்து சுரபாயாத் துறைமுகத்துக்கு வந்த அரிசியோடு நோய்கொண்ட எலிகளும் தெள்ளுப்பூச்சிகளும் வந்து சேர்ந்தன என்று கண்டார்கள். எலி எங்கே குடியிருக்கிறது என்று தேடினார்கள். கிராமத்து வீடுகள் மூங்கிலால் கட்டியவை. மூங்கில் உள்ளே வெற்றாயிருப்பது. விட்டத்து மூங்கிலின் திறந்த வாய்க்குள்ளும், இரட்டைத் தட்டிச் சுவரின் நடுவிலும், கூரைக்குள்ளும் எலி கூடுகட்டிக் குட்டிபோட்டு வாழ்ந்தது. மனிதன் படுக்கும் பாய்க்கு மேலேயே நோய் குடியிருந்தது.

அங்கே ஆட்சி செய்த டச்சு அரசாங்கம் வீடுகளைத் திருத்தும் வேலையில் இறங்கிற்று. மூங்கிலின் வாயை அடைக்கச் செய்தார்கள். மூங்கிலுக்குப் பதில் மரமும், கூரைக்கு ஓடும் வைக்கச் செய்தார்கள். 1942 வரையிலான ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இவ்வாறு மாற்றிக் கட்டப்பட்டன. அந்த முப்பது ஆண்டுகளில் நோய்க்குப் பலியானவர்கள் 2 லட்சத்துக்கும் மேல்.

இதில் நமக்கு இரண்டு பாடம் உண்டு. பொந்தை அடைப்பது உயிரைக் காக்கும் வேலை என்பது ஒன்று. மற்றொன்று, அந்த வேலையின் செலவு கடனாக ஏழைக் குடியானவர்களின் தலையில் விழுந்தது என்பது. அடைக்கவேண்டும் என்று கட்டளையிடுவது எளிது. காசு யாருடையது என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்குப் பிறகு வருவோம்.

இன்று நம் நாட்டில் பிளேக் பயம் இல்லை. ஆனால் எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் இருக்கிறது. எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியால் வரும் டைபஸ் காய்ச்சலும் உண்டு. காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மருந்து வாங்குகிறோம். காய்ச்சலை வளர்க்கும் சுவரை அப்படியே விட்டுவிடுகிறோம்.

நெருப்புக்கும் அதுவே வழி

எலியும் கறையானும் மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்பீர்கள். நெருப்பைப் பொறுக்க முடியுமா? சுவருக்குள் நிற்கும் வெற்றிடம் அடுப்பின் புகைபோக்கியைப் போன்றது. கீழே ஒரு பொறி விழுந்தால் மேலே இழுத்துக்கொண்டு போகும். சுவருக்குள் மின்சாரக் கம்பி ஓடுகிறது, அதன் மேலுறையை எலி கடிக்கிறது, பொறி பறக்கிறது. நாம் வாளித் தண்ணீரோடு நிற்போம், நெருப்பு கண்ணுக்குத் தெரியாமல் பலகைக்குள்ளேயே அடுத்த வீட்டுக்குப் போய்விடும். வரிசை வீட்டில் ஒரு வீட்டு நெருப்பு ஒரு வீட்டோடு நிற்பதில்லை.

லண்டன் மாநகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2017-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் விடியுமுன், கிரென்பெல் என்னும் 24 மாடிக் கட்டடத்தில், நான்காம் மாடிச் சமையலறையில் ஒரு குளிர்சாதனப் பெட்டியில் நெருப்புப் பிடித்தது. அந்தச் சமையலறையோடு அணைந்து போயிருக்கவேண்டிய நெருப்பு அது. ஆனால் ஜன்னலைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டம் சூட்டில் வளைந்து விழுந்தது. அதற்குப் பின்னால் பொந்து. கட்டடத்தைப் புதுப்பித்தபோது வெளிச்சுவரின்மேல் போர்த்திய தகடுகளுக்கு உள்ளே இருந்த பொந்து. ஜன்னலைச் சுற்றி நெருப்பைத் தடுக்கும் அடைப்பு இல்லை. தகடுகளோ உள்ளே எரியும் பிளாஸ்டிக் கொண்டவை. சில மணி நேரத்தில் கட்டடம் முழுவதும் எரிந்தது. 72 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பாட்டாளி மக்கள், பல தேசங்களிலிருந்து பிழைக்க வந்து குடியேறியவர்கள். அங்கே குடியிருந்தவர்கள் ஆபத்தைப் பற்றி முன்கூட்டியே எழுதி எச்சரித்தும் இருந்தார்கள். விசாரணைக் குழுவின் முதல் அறிக்கை 2019-இலும் இறுதி அறிக்கை 2024-இலும் வெளிவந்தன.

பரவியதற்குப் பெருங்காரணம் அந்தத் தகடுகள்தான், அதை மறைக்கவேண்டாம். ஆனால் நெருப்பு வீட்டைவிட்டு வெளியே போன வாசல் எது? ஜன்னலோரத்துச் சந்து!

அடைக்கும் முறை

தோழர்களே! இனி வேலைக்கு வருவோம். இதைத் தச்சரும் கொத்தனாரும் மட்டும் அறிந்தால் போதாது. வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்கவேண்டியவர்கள் வீட்டில் குடியிருப்பவர்கள்.

முதலில் கண்டுபிடிக்கவேண்டும். நிலையைச் சுற்றி விரலால் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியான இடத்தில் ஓர் ஓசை, வெற்றிடத்தில் வேறோர் ஓசை, காது சொல்லிவிடும். இருட்டியபின் ஒருவர் உள்ளே டார்ச் விளக்கைச் சுவரோரம் பிடிக்க, மற்றொருவர் வெளியே நின்று பார்க்கட்டும். வெளிச்சம் வரும் வழியெல்லாம் மழையும் வரும் வழி. எலிக்குட்டிக்கு அரை அங்குலத் துளை போதும். சுண்டெலிக்குக் கால் அங்குலமே போதும்.

இரண்டாவது, உள்ளே குடியிருப்பவரை வெளியேற்றாமல் வாயை அடைக்கக்கூடாது. எலியை உள்ளே வைத்து அடைத்தால் அது வேறு பக்கம் கடித்துக்கொண்டு வரும். அல்லது உள்ளேயே செத்து நாறும். பொந்தின் வாயில் காகிதத்தை இலேசாகச் செருகி வையுங்கள். மூன்று இரவு அது அசையாமல் இருந்தால் உள்ளே ஆள் இல்லை என்று பொருள். பிறகு அந்தக் காகிதத்தை மறக்காமல் எடுத்துவிடுங்கள். எலிப் புழுக்கையை உலர்ந்தபடி கூட்டிப் பெருக்கக்கூடாது. கிருமிநாசினி கலந்த தண்ணீரால் நனைத்து, கையுறை போட்டுத் துடைத்தெடுக்கவேண்டும்.

மூன்றாவது, சுவருக்குத் தகுந்த அடைப்பு. செங்கல் சுவரில் நிலைக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சந்தில் காகிதம், மரத்தூள், துணி எதையும் திணிக்கக்கூடாது. கல்லைத் தண்ணீரால் நனைத்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்து, கரண்டியால் உள்வரை குத்திக் குத்தி நிரப்பவேண்டும். ஆழமான சந்தாக இருந்தால் ஒரே தடவையில் நிரப்பாமல் இரண்டு தடவையாக நிரப்புவது நலம். புது நிலையாக இருந்தால், சுவரில் வைக்கும் முன்பே அதன் முதுகுப்புறத்துக்குக் கறையான் மருந்தோ தாரோ பூசிவிடவேண்டும். சுவரில் வைத்தபின் அந்த முதுகைப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு இல்லை.

துளைக் கல் சுவரானால், வாசலின் இரு பக்கமும் உள்ள துளைகளில் காங்கிரீட் நிரப்பவேண்டும். ஜன்னலுக்குக் கீழே வரும் வரிசையும், கூரைக்கு அடியில் வரும் கடைசி வரிசையும் துளையில்லாமல் மூடியிருக்கவேண்டும். இரட்டைப் பலகைச் சுவரானால், வாசலின் நான்கு பக்கமும் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத கனமுள்ள மருந்திட்ட கட்டையை இரண்டு பலகைக்கும் நடுவே இறுக்கமாக வைத்து அடிக்கவேண்டும். கனமான கட்டை நெருப்பில் மெதுவாகவே கரியும். அந்த நேரம் பிள்ளைகளை வெளியே கொண்டுவரப் போதும். எலி கடிக்கும் இடத்தில் கால் அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலையை உள்ளே வைத்துக்கொள்ளலாம். இப்போது குப்பியில் அடைத்து விற்கும் நுரைப் பசையை மட்டும் நம்பவேண்டாம். எலி அதைக் கடிக்கும். நெருப்பு அதைத் தின்னும்.

நான்காவது, எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். தண்ணீருக்கு வெளியேறும் வழி வேண்டும். ஜன்னலுக்கு மேலே உள்ளே புகுந்த நீர் வெளிப்பக்கமாக வடியும்படி தகரத் தகட்டை மடித்து வைக்கவேண்டும். அடிக்கட்டை வெளியே சரிந்திருக்கவேண்டும். அதன் கீழ்ப்புறத்தில் ஒரு சிறு வாய்க்கால் கீறினால் நீர் சுவரில் ஒட்டி ஓடாமல் சொட்டி விழும். நீர் வடிவதற்காக விட்ட சிறு துளையையும், தகரக் கூரையின் சூட்டை வெளியே விடும் காற்றுத் துளையையும் சிமெண்டால் மூடக்கூடாது. நெருக்கமான வலை வைத்தால் போதும். மூடவேண்டியதை மூடாததும் குற்றம். விடவேண்டியதை மூடுவதும் குற்றம்.

ஐந்தாவது, ஓர் எச்சரிக்கை. பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருக்கலாம். அதை அறுக்கவோ உடைக்கவோ துளையிடவோ கூடாது. அதன் தூள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு உயிரை வாங்கக்கூடியது. அந்த வேலையைப் பழக்கமுள்ளவர்களிடம் நிர்வாகமே ஒப்படைக்கவேண்டும்.

காசு யாருடையது?

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். தோட்டத்து வீடு நம்முடையது அல்ல என்பதை நமக்கு அடிக்கடி நினைவூட்டுகிறார்கள். வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய் என்கிறார்கள். நல்லது. வீடு அவர்களுடையது என்றால் பொந்தும் அவர்களுடையதுதானே? வீட்டுக்கு உரிமை கொண்டாடுபவர் பொந்துக்கு மட்டும் எங்களைச் சொந்தக்காரராக்குவது என்ன நியாயம்?

தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரத்துக்காக 1966-இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1990-இல் 446-ஆம் சட்டம் வந்தது. 2019-இல் அது திருத்தப்பட்டது. வீட்டை நல்ல நிலையில் பழுதுபார்த்து வைத்திருப்பது முதலாளியின் கடமை என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. நாம் கேட்பது தயவு அல்ல, சட்டம்.

ஆகவே, நாங்கள் சொல்லும் யோசனை இதுதான். ஒவ்வொரு லயத்திலும் இரண்டு பேர், அதில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். எது எங்கே ஒழுகுகிறது, எந்தச் சுவரில் இரவில் சுரண்டல் கேட்கிறது என்பதை அறிந்தவர்கள் அவர்களே. வீட்டு எண், எந்த ஜன்னல், எந்தக் கதவு, என்ன குறை என்று ஒரு தாளில் எழுதுங்கள். படமும் எடுத்துக்கொள்ளுங்கள், இன்று எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. ஒரு பிரதியை நிர்வாகத்திடம் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்துப் பெறுங்கள். மற்றொரு பிரதி கிளைச் செயலாளரிடம் இருக்கட்டும். பதில் வராவிட்டால் சங்கத்தின் மூலம் தொழிலாளர் இலாகாவுக்குப் போவோம். அனுமதி கேளாமல் நாமே சுவரை உடைக்கவேண்டாம். குறை சொல்ல வந்தவர்கள்மேல் குற்றம் சுமத்த வழி வைக்கக்கூடாது.

நம் பக்கத்து லயத்தில் வங்காளதேசத்துத் தோழரும் நேப்பாளத்துத் தோழரும் இந்தோனேசியத் தோழரும் இருக்கக்கூடும். அவர்கள் வீட்டையும் அந்தத் தாளில் சேருங்கள். எலிக்கும் நெருப்புக்கும் நாடும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை.

தோட்டத்தை விட்டுச் சிரம்பானிலும் பகாவிலும் போர்ட்டிக்சனிலும் மலிவுவிலை வீடு வாங்கிய தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. முப்பது ஆண்டுக் கடனில் வாங்கிய வீடு அது. சாவி வாங்கும் நாளில் தேங்காய் உடைப்பதற்கு முன்னால் நிலையைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். குறை கண்டால், கட்டியவர் பழுதுபார்த்துத் தரவேண்டிய தவணைக்காலம் முடிவதற்குள் எழுத்தில் கொடுங்கள். கடனைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, வீட்டைக் கறையானுக்கு எழுதிக்கொடுக்கவேண்டாம்.

அந்த அம்மாளின் வீட்டைப் பற்றிக் கேட்பீர்கள். நிலையை மாற்றினார்கள், பொந்தை முறையாக அடைத்தார்கள். ஒரே தடவையில் நடந்துவிடவில்லை. மூன்று கடிதம் எழுதவேண்டியிருந்தது. பிறகு ஒரு நாள் அவரைப் பார்த்தபோது, "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டோம். "ராத்திரியில் சத்தமே இல்லை ஐயா. முதல் இரண்டு நாள் அந்த அமைதியில் தூக்கம்கூட வரவில்லை" என்றார். புதுப் பிறப்புப் பத்திரத்தை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அடைத்த சுவரை அவர் இன்னும் முழுமையாக நம்பிவிடவில்லை. அதுவும் சரிதான்.

இனி நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஜன்னலோரத்தில் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். நாளைக் காலை பெரட்டுக்குப் போகும்போது அந்தத் தாள் உங்கள் கையில் இருக்கட்டும்.